மரியம் பீவியின் முன்ரூம்

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் முதல் பஸ் கடைசி வளைவில் ஹாரன் அடிக்கும்போதே மரியம் பீவி கேட்டுக்கு வெளியே வந்துவிடுவார். முக்காட்டின் மேல் ஒரு மஃப்ளர், அதற்கு மேல் கணவரின் பழைய கோட்டு, கையில் விளக்குமாறு. பெருக்க அங்கே ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு நின்றால் ஆள் பிடிக்க நிற்பதாகத் தெரு பேசும் என்பதற்காக விளக்குமாறு. தெருவும் யோக்கியமில்லை. ஏப்ரல் பத்திலிருந்து ஜூன் பத்துவரை ஆனந்தகிரியில் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை இப்படி எதையாவது பெருக்கிக்கொண்டோ உதறிக்கொண்டோ கேட்டில் நிற்பாள்.

மேடேறி வருகிறவர்களின் முகத்தை மரியம் பீவி பார்ப்பதில்லை. கூலியாள் தலையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார். பித்தளைக் குடமும் பம்ப் ஸ்டவ்வும் அரிசிப் பையும் வந்தால் பத்து நாள் குடும்பம். ஒற்றை சூட்கேஸும் இனிப்புப் பொட்டலமும் என்றால் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள். மூன்று நாள் இருப்பார்கள், அதில் இரண்டு நாள் கதவு திறக்காது. கழுத்தில் கேமராவும் தோளில் ரெக்ஸின் பையுமாக நாலு இளவட்டங்கள் வந்தால் ஒரு ராத்திரிதான், போகும்போது சோப்பு டப்பாவை மறந்துவிட்டுப் போவார்கள். "மூஞ்சியப் பாத்து என்னங்க தெரியுது? மூட்டையப் பாத்தா எல்லாம் தெரிஞ்சுபோகும்" என்பார். அவர் வீட்டு அலமாரியில் இப்போது பதினேழு சோப்பு டப்பாக்கள் இருக்கின்றன.

வீடு ஒன்றும் பங்களா இல்லை. தகரக் கூரை, முன்ரூம், நடுரூம், சமையல்கட்டு, அவ்வளவுதான். பின்னால் விறகுக் கொட்டகை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி குடும்பம் கொட்டகைக்குக் குடிபோகும். துணியில் சுற்றிய குர்ஆன், மாவு ஆட்டும் கல், பிச்சை முகம்மதுவின் மருந்து பாட்டில்கள், ரேடியோ எல்லாம் ஒரே நாளில் பின்கட்டுக்குப் போய்விடும். பிச்சை முகம்மது அவர் கணவர். பஜாரில் யூகலிப்டஸ் தைலமும் பேரிக்காயும் ஹோம்மேட் சாக்லேட்டும் விற்கிறார். கொட்டகையில் விறகடுக்கை ஒட்டிப் பாயை விரிக்கும்போது வருடாவருடம் அவர் ஒரு பெருமூச்சு விடுவார். வருடாவருடம் மரியம் பீவி அதைக் கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

தெரு முழுக்க இதே கதைதான். அதனால் சித்திரை வைகாசியில் இங்கே கல்யாணம் கிடையாது, சுன்னத்து கிடையாது, வெள்ளையடிப்பு கிடையாது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கிழவர் மே பன்னிரண்டாம் தேதி மௌத்தாகிப்போனார். முன்பக்கம் பெங்களூர்க்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், பின்பக்கத்துச் சந்து வழியாகவே அவரைக் கொண்டுபோனார்கள். கிழவரும் சீசன் தெரிந்தவர்தான், ஒன்றும் நினைத்திருக்க மாட்டார் என்று மரியம் பீவி சமாதானம் சொல்வார்.

எழுபத்தொன்றுக்கு முன்பு இந்தத் தெருவுக்கு சீசன் என்றால் துரைமார் சீசன்தான். மிஷன்காரர்களும் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மாரும் அவரவர் பங்களாக்களில் வந்து தங்குவார்கள். ஊர்க்காரர்கள் பால் ஊற்றுவார்கள், துணி வெளுப்பார்கள், காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வருடம் மே மாதத்தில் ஒருநாள், பஸ் பாதி மலையில் நின்றுபோய், சாத்தூர்க் குடும்பம் ஒன்று மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது. இருந்த இரண்டு மூன்று லாட்ஜும் நிறைந்திருந்தன. சின்னக் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மரியம் பீவி முன்ரூமைத் திறந்துவிட்டார். மூன்றாம் நாள் அவர்கள் கிளம்பிப் போனபின் டம்ளருக்கு அடியில் ரூபாய் நோட்டு இருப்பதைப் பார்த்து, கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சாத்தூர்க்காரர் வாங்கவில்லை. "வச்சுக்குங்கம்மா. அடுத்த வருசமும் வருவோம், அந்த ரூம வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்று சிரித்தார். மறு வருடம் மச்சினர் குடும்பத்தையும் கூட்டிவந்தார். அதற்கடுத்த வருடம் தபால்காரர் ரூம் கேட்டு எழுதிய கார்டுகளோடு வர ஆரம்பித்தார்.

இப்போது எண்பத்தேழு. சரிவைக் குடைந்து லாட்ஜுக்கு மேல் லாட்ஜாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். பம்பாயிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். டி.வி. இருக்கிறதா, அட்டாச்டு பாத்ரூமா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். மரியம் பீவி அசருவதில்லை. கரண்ட் போனாலும், மேகம் இறங்கி ஏரி தெரியாமல் போனாலும், குளியலறையில் அட்டை ஊர்ந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "மலைன்னா அப்படித்தாங்க." கீசர் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் வேறு பதில் வைத்திருக்கிறார். "கீசர் இல்லீங்க. மூக்கம்மா இருக்கா."

மூக்கம்மா மண்ணெண்ணெய் டின்னில் வெந்நீர் காய்ச்சிச் சுமந்து வந்து ஊற்றுகிறவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்துமூன்றில் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவள். அங்கே தோட்டத்து மிட்வைஃபுக்குக் கையாளாக இருந்திருக்கிறாள். இங்கே அந்த வேலைக்கு அவளை யாரும் கேட்கவில்லை, வெந்நீர் தூக்கக் கேட்டார்கள். இரண்டுக்கும் தண்ணி சுடவைக்கத்தானே வேணும் என்று அவளும் வந்துவிட்டாள்.

மரியம் பீவிக்குக் காலண்டர் பார்க்கும் பழக்கம் கிடையாது. அவர் வீட்டில் எல்லாமே வந்துபோன ஆட்களை வைத்துத்தான் கணக்கு. பிச்சை முகம்மதுவுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தது எப்போது என்றால், கோயம்புத்தூர் மில்காரர் ஏரியில் பல்செட்டைப் போட்ட வருடம். கூரைத் தகரம் மாற்றியது, மானாமதுரை டீச்சரம்மா முதல்முறை வந்தபோது. இந்தக் கணக்கு எந்த நாளும் தப்பியதில்லை என்று அவருக்கு ரொம்பப் பெருமை. ஒரே ஒரு முறை தப்பியது.

வருகிறவர்களில் முதல் மரியாதை விருதுநகர் இராசாத்தி அம்மாளுக்கு. எண்ணெய்க் கடை பொன்னுச்சாமியின் மனைவி, பிள்ளைகளோடு சேர்த்து ஏழு பேர் குடும்பம். எழுபத்துநாலிலிருந்து மே மாதக் கடைசிப் பத்து நாள் வீடு முழுக்க அவர்களுக்குத்தான். முதல் வருடம் அந்த அம்மாள் இந்த வீட்டுத் தண்ணீரைக்கூட வாயில் வைக்கவில்லை. பிறகு தண்ணீர் குடித்தார், பிறகு டீ குடித்தார். ஆனால் சமைக்கிற பாத்திரங்கள் மட்டும் அவருடையவை. ஊருக்குப் போகும்போது கழுவிக் கவிழ்த்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போவார், அதை யாரும் தொடக் கூடாது. மரியம் பீவியும் பதினோரு மாதமும் தொட மாட்டார். இராசாத்தி அம்மாள் வாய்வார்த்தையில்தான் விருதுநகரிலிருந்து இன்னும் ஆறு குடும்பங்கள் இந்தத் தெருவுக்கு வருகின்றன. அவர் முகம் கோணினால் ஆறும் லாட்ஜுக்குப் போய்விடும்.

மரியம் பீவியின் ஒரே மகள் ரோஷன் பேகம். விறகுக் கொட்டகை அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வது குறைச்சல். ஆறாம் வயதில் அம்மை போட்டபோது அங்கேதான் கிடந்தாள். பெரியவளானதும் ஒரு மே மாதத்தில்தான். விறகடுக்குக்குப் பின்னால் சேலையைக் கட்டி மறைத்து உட்காரவைத்தார்கள், சத்தம் காட்டாதே என்றார்கள். அன்றைக்கு முன்ரூமில் கரூர்க்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் தனக்கு இன்னும் காதில் கேட்கிறது என்று சொல்வாள். வத்தலக்குண்டில் வேன் ஓட்டும் அலாவுதீனுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோது, வேனில் ஏறுமுன் தாயைத் தனியே கூப்பிட்டாள்.

"எனக்கு எல்லாமே அந்தக் கொட்டாயிலதான் நடந்துச்சு. போவட்டும். எம் பிள்ளை அங்க பொறக்காதும்மா. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒம் பிள்ளைக்கு முன்ரூம்தான் புள்ள. அல்லா மேல ஆணை."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் இந்த ஆணை சும்மா வாய்ப்பேச்சில்லை. எண்பத்துநாலு கடைசியில் ரோஷன் உண்டாகியிருக்கும் சேதி வந்ததும் மரியம் பீவி உட்கார்ந்து கணக்குப் போட்டார். மகள் மலைக்கு வந்திருந்தபோது தொழுகையில்லாத நாட்கள் அவளுக்கு, அதற்கப்புறம்தான் தள்ளிப்போயிருக்கிறது. அந்த நாட்களில் வீட்டில் யார் இருந்தார்கள்? பாலக்காட்டு வாத்தியார். வாத்தியார் எப்போதும் பூஜை லீவுக்குத்தான் வருவார். ஆக, அக்டோபர். பத்து மாதம் என்றால் ஜூலை. சீசன் முடிந்து, வீடு கழுவி, முன்ரூமில் மகளைப் படுக்கவைக்கத் தாராளமாக நாள் இருக்கிறது. வத்தலக்குண்டு நர்சம்மா ஜூன் என்றபோது, "நர்சம்மாவுக்கு வாத்தியாரத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வருடம் வாத்தியார் தன் மகள் கல்யாணத்தை அக்டோபரில் வைத்திருந்ததால் ஒரு மாதம் முந்தி, ஓணத்துக்கே வந்துபோயிருந்தார். மரியம் பீவிக்கு அவர் வந்தது நினைவிருந்தது, முந்தி வந்தது நினைவில்லை.

எண்பத்தைந்து மே நடுவில் அலாவுதீனுக்கு ஓயாத சவாரி. நிறைமாதக்காரியை வெயிலில் தனியே விட மனமில்லாமல் மேலே கொண்டுவந்து விட்டுப் போனான். ரோஷன் வந்தாள், கொட்டகையைப் பார்த்தாள். "சீசன் முடியட்டும், வெரசா முன்ரூமுக்குப் போயிரலாம்" என்றார் மரியம் பீவி. ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு ரோஷன் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

ஃப்ளவர் ஷோ சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு இடுப்பு வலித்தது. சூட்டுவலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள். மூக்கம்மா வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூட்டுவலியா? புள்ள வருது பீவியக்கா. சுணங்காம ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள். டாக்ஸிக்கு ஓடிய பிச்சை முகம்மது முக்கால் மணி நேரம் கழித்து நடந்தே திரும்பி வந்தார். ஏழு ரோடு சந்திப்பிலிருந்து ஏரி வரைக்கும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்கிறது, ஒரு சைக்கிள்கூட நுழையாது என்றார். இத்தனை வண்டிகளும் வரவேண்டும் என்றுதான் இந்தத் தெரு பதினான்கு வருடமாகக் கேட்டில் நின்று காத்திருந்தது. அன்றைக்கு அவை வந்துவிட்டன.

மேகம் இறங்கித் தூறல் போட்டது. கொட்டகைத் தரையில் நீர் கசிந்தது. ரோஷன் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ள கூட்டிட்டுப் போம்மா. போய்க் கேளு."

மரியம் பீவி போனார். முன்ரூம் கதவு திறந்திருந்தது. இராசாத்தி அம்மாள் ஸ்டவ்வில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார், பொன்னுச்சாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஃப்ளவர் ஷோவுக்குப் போயிருந்தார்கள்.

"என்னக்கா?" என்றார் இராசாத்தி.

பதினான்கு வருடத்தில், உள்ளே இருக்கிறவரைப் பார்த்து எழுந்திருங்கள் என்று மரியம் பீவியின் நாக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போதாக்குறைக்குப் பிரசவத் தீட்டு. அலமாரியில் பழனியாண்டவர் படம் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுகிற அம்மாளிடம் எந்த வாயால் கேட்பது? அவர் வாய் திறந்தார்.

"வெந்நி போடவாங்க?"

"இப்பத்தானக்கா குளிச்சோம்."

"சரிங்க."

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே ரோஷனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், அதுதான் மரியம் பீவியால் தாங்க முடியவில்லை. மறுபடி போனார். இந்த முறை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மழ வருதுங்க, கொடியில துணி கெடக்கு, எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

துணி எடுக்கப் பின்கட்டுக்கு வந்த இராசாத்தி அம்மாள், கொட்டகைக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற முனகலைக் கேட்டு நின்றார். எட்டிப் பார்த்தார். ஈரத் தரை, பாய், ரோஷன், அவள் காலடியில் மூக்கம்மா. அவர் மனதில் என்னென்னவோ ஓடியிருக்கும். ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"பதினோரு வருசமா வாரேன், என்னய என்னன்னு நெனச்சீங்க? வெந்நி போடவா, துணி எடுக்கவான்னு ரெண்டு நட நடந்தீங்களே, இத ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சாமி படத்த நான் எடுத்துக்கிறேன். நீங்க புள்ளயத் தூக்கிட்டு வாங்க" என்றார்.

பழனியாண்டவர் சூட்கேஸுக்குள் போனார். பொன்னுச்சாமி ஸ்டவ்வையும் பஜ்ஜி மாவையும் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். யாரும் தொடக் கூடாத பாத்திரங்களிலிருந்து விருதுநகர்த் தவலை வந்து, அதில் தண்ணீர் கொதித்தது. மூக்கம்மா பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பழைய வேலையைச் செய்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த சமயத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கருகருவென்று முடி.

விருதுநகர்க்காரர்கள் ஏழு பேரும் இரண்டு நாள் நடுரூமில் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். திங்கட்கிழமை, முன்பே சொன்னபடி ஊருக்குக் கிளம்பினார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட இருக்கட்டும் என்று தவலையை மட்டும் விட்டுவிட்டுப் போனார் இராசாத்தி அம்மாள். கேட்டைச் சாத்திவிட்டு வந்த பிச்சை முகம்மது முன்ரூம் வாசலில் நின்று தயங்கினார்.

"மத்தியானம் திருப்பூர்க்காரங்க வந்துருவாங்களே. கார்டு போட்டாச்சு. தந்தி குடுக்க மறந்துபோச்சு. என்ன செய்ய?"

கட்டிலில் படுத்திருந்த ரோஷன் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

இரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. குழந்தைவேல், அவர் மனைவி, தாயார், மூன்று பிள்ளைகள். காரின் மேல் பித்தளைக் குடம், ஸ்டவ், அரிசிப் பை. பத்து நாள் குடும்பம். குழந்தைவேல் கேட்டுக்கு மேலாகக் கார்டை நீட்டினார்.

"பீவிம்மா, திருப்பூர்க் குழந்தைவேலுங்க. முன்ரூம் எங்களுக்குத்தான்னு எழுதிப் போட்டீங்களே, அதான் நேரா வந்துட்டோம்."

கார்டில் பிச்சை முகம்மதுவின் கையெழுத்து. வார்த்தை மரியம் பீவி சொல்லச் சொல்ல எழுதியது. எழுதிப் போட்ட கார்டைப் பொய்யாக்கி அவர் ஒரு ஆளையும் அதுவரை திருப்பி அனுப்பியதில்லை. கார்டை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"எங்க மேலதாங்க தப்பு. தந்தி குடுத்திருக்கணும். ரூம் இல்லீங்க."

"இல்லையா? வேற யாருக்காச்சும் விட்டுட்டீங்களா?"

"யாருக்கும் விடலீங்க. வீட்டு ஆளுக இருக்கோம்."

குழந்தைவேலுக்கு அது பிடிபடவில்லை. சீசனில் வீட்டு ஆள் வீட்டில் இருப்பது ஒரு காரணமா என்பது போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மரியம் பீவி மூக்கம்மாவைக் கூப்பிட்டு, மூன்றாவது வீட்டில் நடுரூம் காலியாக இருப்பதைச் சொல்லி அவர்களைக் கூட்டிப்போகச் சொன்னார். கார் பின்வாங்கித் திரும்பும் வரை கேட்டிலேயே நின்றார்.

அவர் உள்ளே வந்தபோது ரோஷன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தோளில் குழந்தை. துணிகளையெல்லாம் ஒரு சேலையில் போட்டு மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தாள். கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. கார் சத்தம் கேட்டதுமே அவள் கிளம்பத் தயாராகிவிட்டாள். தாயின் முகத்தைப் பார்க்காமல், "கொட்டாயில அத்தாவோட பாயச் சுருட்டச் சொல்லும்மா, எடம் பத்தாது" என்றாள்.

மரியம் பீவி மூட்டையை அவள் மடியிலிருந்து எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒவ்வொரு துணியாக உதறிக் கட்டில் சட்டத்தில் போட்டார். கடைசித் துணியையும் போட்டுவிட்டுப் போய், முன்ரூம் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார்.